குருவியின் அலகும் காது குத்தும்: பரிணாமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் விலங்கியல் நடத்திய காலத்திலும் சரி, ஓய்வுபெற்ற பிறகு ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலை பிள்ளைகளோடு உட்காரும்போதும் சரி, பரிணாமம் என்று வாயெடுத்தால் வந்து விழும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். பிள்ளைகளைவிட அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முதல் மூன்றைத் தாண்டிக் குதித்தால் பின்னால் குழம்பும், அதனால் வரிசையாகவே படியுங்கள்.

1. பரிணாமம் பரிணாமம்னு சொல்றீங்களே, அது என்னன்னு ரெண்டு வரியில சொல்ல முடியுமா?

முடியும். ஓர் உயிரினக் கூட்டத்தில் எந்த மரபணு எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற கணக்கு தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டு வருகிறதே, அதுதான் பரிணாமம். ஒரு குளத்துத் தவளைகளில் இன்று நூற்றுக்குப் பத்து கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. ஐம்பது தலைமுறை கழித்துப் போய்ப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பது கறுப்பு. அவ்வளவுதான், அந்தக் குளத்தில் பரிணாமம் நடந்துவிட்டது.

இதில் 'கூட்டம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனியொரு தவளை பரிணாமம் அடையாது. பிறந்த நிறத்தோடு வாழ்ந்து அதே நிறத்தோடு சாகும். கீழே வரும் குழப்பங்களில் பாதி, இந்த ஒன்றை மறப்பதால் வருபவை. இலங்கைப் பாடநூல்களில் பரிணாமத்துக்குக் 'கூர்ப்பு' என்று பெயர். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும், ஆனால் இங்கே சொன்னால் பிள்ளைகள் பென்சில் சீவுவதாக நினைக்கிறார்கள்.

2. லட்சக்கணக்கான வருஷம் ஆகும்னு சொல்றாங்க. அப்புறம் யார் இதைக் கண்ணால பாத்தது?

பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர்கள், கணவன் மனைவி, பார்த்தார்கள். தென் அமெரிக்கக் கரையிலிருந்து கடலுக்குள் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஈக்குவடாரைச் சேர்ந்த கலாபகஸ் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் டாஃப்னி மேஜர் என்பது எண்பது ஏக்கர் சொச்சம் பரப்புள்ள ஒரு மொட்டைப் பாறைத் தீவு. மனிதக் குடியிருப்பு கிடையாது. 1973-இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் அங்கே போய்ப் போய், தரை ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு, அலகை அளந்து, எது எதோடு சேர்ந்தது, எது எத்தனை குஞ்சு பொரித்தது என்று குறித்தார்கள். தீவு சின்னது என்பதால் ஏறக்குறைய ஒவ்வொரு குருவியையும் தனித்தனியாக அடையாளம் சொல்ல முடிந்தது.

1976-இல் அங்கே 137 மில்லிமீட்டர் மழை. அடுத்த ஆண்டு வெறும் 24. செடிகள் காய்ந்தன. மெல்லிய சிறு விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. மிஞ்சியது நெருஞ்சி. நம் ஊர்க் காலில் குத்துகிற அதே நெருஞ்சிக் குடும்பம், ஆனால் காய் இன்னும் பெரிது, ஓடு கெட்டி. கனத்த அலகு உள்ள குருவி அதை உடைத்துத் தின்றது. மெல்லிய அலகுக்காரன் முயன்று பார்த்துவிட்டுப் பட்டினி கிடந்தான். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற வகை சுமார் 1,200 இருந்தது 180 ஆகக் குறைந்தது. மிஞ்சியவற்றின் அலகுக் கனம் சராசரியாக அரை மில்லிமீட்டர் கூடுதல். அடுத்து அவை பொரித்த குஞ்சுகளுக்கும், வளர்ந்தபின் அளந்தால், பஞ்சத்துக்கு முன் இருந்த சராசரியைவிடக் கனத்த அலகு.

அரை மில்லிமீட்டர்தானா என்று பல்லைக் காட்டாதீர்கள். அந்த அரை மில்லிமீட்டர்தான் அந்த ஆண்டு சோற்றுக்கும் சாவுக்கும் இடையே நின்றது. அதற்கு லட்சம் ஆண்டு ஆகவில்லை, ஒரே ஒரு வறட்சி போதுமாக இருந்தது.

3. ஓ, அப்போ கொட்டையை உடைச்சு உடைச்சு அலகு பெருசாயிடுச்சு. அப்படித்தானே?

இல்லை. இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரம் கிடையாது. வளர்ந்த குருவியின் அலகுக் கனம் பயிற்சியால் கூடாது. பஞ்சத்துக்கு முன்பே கூட்டத்தில் கனத்த அலகும் இருந்தது, மெல்லிய அலகும் இருந்தது. மெல்லியவை பெரும்பாலும் செத்தன. கனத்தவை பெரும்பாலும் பிழைத்துக் குஞ்சு பொரித்தன. எந்தக் குருவியும் மாறவில்லை, கூட்டத்தின் சராசரிதான் மாறியது. இப்படிச் சூழல் சிலவற்றைத் தங்கவிட்டுச் சிலவற்றைக் கழிப்பதற்குப் பெயர்தான் இயற்கைத் தேர்வு. வகுப்பில் குட்டையான பையன்களை வெளியே அனுப்பிவிட்டால் வகுப்பின் சராசரி உயரம் கூடிவிடும், ஆனால் ஒரு பையனும் வளர்ந்திருக்க மாட்டான்.

உழைத்துப் பெற்ற மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்பது பழைய எண்ணம். பிரான்சில் லமார்க் என்ற இயற்கையியலாளர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் நினைத்தார், இயற்கைத் தேர்வை விளக்கிய டார்வினுக்கே அதில் ஒரு கால் இருந்தது. நமக்கு இதைப் பொய்யென்று காட்ட ஆய்வகம் வேண்டாம். எத்தனை தலைமுறையாக மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறோம்? இன்றுவரை ஒரு குழந்தையாவது குத்திய காதோடு பிறந்திருக்கிறதா? கொல்லர் கை உரமாவது அவர் உடம்பில். பிள்ளைக்குப் போகும் முட்டையிலும் விந்திலும் அந்தச் செய்தி எழுதப்படுவதில்லை.

4. பெரிய அலகுதான் நல்லதுன்னா, இந்நேரம் அங்க எல்லாக் குருவிக்கும் கிளி மூக்கு இருக்கணுமே?

1977-க்கு அது நல்லது, அவ்வளவுதான். 1982 கடைசியில் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி அங்கே மழையைக் கொட்டவைக்கும் நிலை, வந்தது. ஆயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, அந்த மொட்டைத் தீவு கொடியும் புல்லுமாக மூடிக்கொண்டது. நெருஞ்சி அடியில் அமுங்கிப் போக, எங்கு பார்த்தாலும் சிறு விதை. அதைக் கொத்திப் பொறுக்கச் சின்ன அலகுதான் வாட்டம். அடுத்து வறட்சி வந்தபோது பெரிய அலகுக்காரர்கள் அதிகம் செத்தார்கள், சராசரி கீழே இறங்கியது.

2003-இல் தொடங்கிய வறட்சி இன்னும் சுவாரசியம். 1977 போலவே பெரிய அலகு ஜெயிக்கும் என்றுதான் யாரும் சொல்வார்கள். நடந்தது தலைகீழ். இடையில் பெரிய தரை ஃபிஞ்ச் என்ற தடித்த அலகு வகை தீவில் குடியேறிவிட்டிருந்தது. நெருஞ்சியை அவை காலி செய்துவிட்டன. நடுத்தர வகையில் பெரிய அலகு உள்ளவை அவற்றோடு போட்டி போட்டுத் தோற்றன. சிறு விதையில் பிழைப்பு நடத்திய சின்ன அலகுகள் தப்பின. அதே தீவு, அதே வகை, அதே வறட்சி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மாறியதால் பலன் திரும்பிவிட்டது.

5. தேர்ந்தெடுக்கிறது சரி. தேர்ந்தெடுக்க வேற வேற மாதிரி இருக்கணுமே, அந்த வேறுபாடு முதல்ல எங்கேருந்து வருது?

நல்ல கேள்வி, டார்வினுக்கே பதில் தெரியாமல் போன கேள்வி. செல் பிரியும்போது, மரபுச் செய்தி எழுதப்பட்டிருக்கும் டிஎன்ஏ-வைப் படியெடுக்கிறது. படியெடுப்பில் எழுத்துப்பிழை வருகிறது. இதற்குப் பாடநூல் பெயர் சடுதி மாற்றம். பிறக்கும் ஒவ்வொரு மனிதக் குழந்தையும் தாய் தந்தையிடம் இல்லாத அறுபது எழுபது புதிய பிழைகளோடுதான் வருகிறது. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில கெடுக்கும். மிகச் சில, இருக்கும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து உதவும்.

அது போக, ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயின் சீட்டிலிருந்து பாதி, தந்தையின் சீட்டிலிருந்து பாதி என்று புதிதாகக் குலுக்கிப் போடப்படுகிறது. உடன்பிறந்தவர்கள் ஒன்றுபோல் இல்லாதது இதனால்தான். டாஃப்னிக் குருவிகளில் அலகு அளவோடு வலுவாகத் தொடர்புள்ள மரபணுப் பகுதி ஒன்றை 2016-இல் கண்டுபிடித்தார்கள். 2003-இல் தொடங்கிய அந்த வறட்சியில் எந்தக் குருவி பிழைக்கும் என்பதை அந்தப் பகுதியின் எந்த வடிவம் அதனிடம் இருந்தது என்பது பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

6. எழுத்துப்பிழையில கண்ணு மாதிரி ஒரு அதிசயம் வருமா சார்? குப்பையைக் கிளறினா கடிகாரம் வந்துடுமா?

வராது. ஆனால் பிழை மட்டும் வேலை செய்வதாக யார் சொன்னது? பத்துப் பகடைகளை உருட்டுங்கள். பத்திலும் ஒரே வீச்சில் ஆறு விழ வேண்டுமென்றால் ஆறு கோடியில் ஒரு வாய்ப்பு. இப்போது விதியை மாற்றுவோம்: ஆறு விழுந்ததை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மறுபடி உருட்டுங்கள். பதினைந்து இருபது வீச்சில் முடிந்துவிடும். உருட்டுவது குருட்டுத்தனம், எடுத்து வைப்பது அப்படியில்லை. இந்த உவமையில் ஓர் ஓட்டையும் உண்டு. பகடைக்கு 'ஆறு' என்ற இலக்கு முன்பே இருக்கிறது, இயற்கைக்கு அப்படி எந்த இலக்கும் கிடையாது. அந்தந்தப் பருவத்தில் எது உதவியதோ அது தங்கும்.

கண்ணின் படிகளைப் பார்க்கப் பழைய காலத்துக்குப் போக வேண்டாம், இன்று வாழும் உயிர்களிலேயே இருக்கின்றன. பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கு ஒளி உணரும் ஒரு சிறு குழி, அவ்வளவுதான். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும். கடலில் வாழும் நாட்டிலஸுக்குக் குழி ஆழமாகி வாய் குறுகி, லென்ஸ் இல்லாத ஊசித்துளைக் கேமரா. அதன் உறவான ஆக்டோபஸுக்கு லென்ஸோடு முழுக் கண். ஒவ்வொரு படியும் அதை வைத்திருக்கிற உயிருக்குப் பயன்படுகிறது, அரைக் கண் வீண் கண் என்பது நம் கற்பனை. இதில் வேடிக்கை, நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளி வரும் பக்கமாக ஓடி, பிறகு ஒரு துளை வழியே பின்னால் இறங்குகின்றன. அந்த இடத்தில் நமக்குப் பார்வை கிடையாது. ஆக்டோபஸுக்கு வயரிங் பின்பக்கமாகவே போவதால் குருட்டுப் புள்ளி இல்லை. திட்டம் போட்டுக் கட்டியவர் யாராவது இருந்தால், கண் விஷயத்தில் நம்மைவிட ஆக்டோபஸ் மேல்தான் பிரியம்.

7. குரங்குலேருந்து மனுஷன் வந்தான்னா, இன்னும் ஏன் குரங்கு இருக்கு?

உங்கள் தாத்தாவின் தம்பி வழியில் பங்காளிகள் இருக்கிறார்களா? நீங்கள் பிறந்துவிட்டீர்கள் என்பதால் அவர்கள் ஏன் இன்னும் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சியும் நாமும் பங்காளிகள். பொதுவான முன்னோர் ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் இருந்தது. அது இன்றைய சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. கோயில் மதிலில் வாழைப்பழத்தைப் பிடுங்குகிற வால் குரங்கு இன்னும் தூரத்துச் சொந்தம்.

8. 'வல்லவன் வாழ்வான்' என்பதுதானே இதோட சாரம்?

'தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்' என்ற தொடர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1864-இல் உருவாக்கியது, டார்வின் பிறகு எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளாமலே இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. இங்கே தகுதி என்றால் உடல் பலம் என்று அர்த்தமில்லை. அந்தச் சூழலில் எத்தனை பிள்ளைகளை ஆளாக்கி விட்டுப் போகிறது என்பதுதான் தகுதி.

யானையைப் பாருங்கள். காட்டில் தந்தம் பலம்: பட்டை உரிக்க, மண் தோண்ட, சண்டை போட. ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். கோரொங்கோசா பூங்காவில் தந்தத்துக்காகச் சுட்டுச் சுட்டு யானைகள் நூற்றுக்குத் தொண்ணூறு அழிந்தன. போருக்கு முன் பெண் யானைகளில் தந்தமில்லாதவை 18.5 விழுக்காடு. பிறகு கணக்கெடுத்தபோது 50.9. கொம்பன்களின் பெருமைக்கே துப்பாக்கி குறி வைத்தபோது, குறையாகத் தெரிந்த ஒன்று தகுதியாகிவிட்டது. போர் முடிந்து பிறந்த பெண் குட்டிகளிலும் மூன்றில் ஒன்றுக்குத் தந்தமில்லை என்பதால் இது மரபில் வருவது தெளிவு. ஒரு விலையும் உண்டு. அந்த மரபணு வடிவத்தைப் பெறும் ஆண் கருக்கள் தங்குவதில்லை என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஊர் மக்னாவோடு இதைக் குழப்ப வேண்டாம். ஆசிய யானைகளில் பெண்ணுக்கு வெளியே தெரியும் தந்தம் பொதுவாகவே இல்லை, தந்தமில்லாத ஆண்தான் மக்னா. அது நன்றாகவே வாழ்கிறது. இலங்கையில் ஆண் யானைகளிலேயே பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை.

9. அப்போ கெட்ட மரபணுவை எல்லாம் இயற்கை கழிச்சுக் கட்டியிருக்கணுமே. பரம்பரை நோய் ஏன் இன்னும் இருக்கு?

நீலகிரிக்கு வாருங்கள். 1952-இல் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஆப்பிரிக்காவில் மட்டும் உண்டு என்று பலர் நம்பிய அரிவாள் செல் மரபணு அங்கேயும் இருந்தது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரண்டு பிரதி வந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி, சோகை, சிகிச்சை இல்லாவிட்டால் இளம் வயதிலேயே சாவு. இது கழிந்திருக்க வேண்டிய மரபணுதானே?

கழியாத காரணத்தை 1954-இல் ஆண்டனி அலிசன் என்ற மருத்துவ ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டார். ஒரே ஒரு பிரதி வைத்திருப்பவருக்கு நோய் வருவதில்லை, கூடவே கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. மலேரியா உள்ள நாட்டில் ஒற்றைப் பிரதிக்காரர்தான் எல்லாரையும்விட நன்றாகப் பிழைக்கிறார். அப்படி இருவர் மணந்தால் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, பாதுகாப்பு கிடைக்க நான்கில் இரண்டு. இந்தப் பேரம் நடக்கும்வரை மரபணு கூட்டத்தில் தங்கும். இயற்கைக்கு இரக்கம் இருக்கிறதா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். கூட்டல் கழித்தல் மட்டும்தான் இருக்கிறது அம்மா என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. மற்றபடி, முதுமையில் தாக்கும் நோய்களுக்கு வேறு காரணம்: பிள்ளை பெற்று முடித்தபின் வருவதை இயற்கைத் தேர்வு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

10. கூட்டத்துல மாறுறது எல்லாமே ஏதோ ஒரு நன்மைக்காகத்தான், சரியா?

சரியில்லை. வெறும் அதிர்ஷ்டத்தாலும் மாறும். பாடநூல் இதை மரபியல் நகர்வு என்கிறது. பசிபிக்கில் மைக்ரோனேசியாவைச் சேர்ந்த பிங்கெலாப் என்ற குட்டித் தீவை 1775 வாக்கில் ஒரு புயல் சூறையாடியது. பிழைத்தவர்கள் இருபது பேர் அளவுதான். அவர்களில் ஒருவரிடம் நிறமே தெரியாமல் செய்யும் மரபணுவின் ஒரு பிரதி இருந்தது. உலகத்தில் முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வருவதே அரிதான அந்தக் குறை, அங்கே இன்று நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு. நிறம் தெரியாதது புயலில் உதவியிருக்கும் என்று கதை கட்டாதீர்கள். சாகாமல் தப்பியவரின் சட்டைப் பையில் அது தற்செயலாக இருந்தது, அவ்வளவுதான். கூட்டம் சின்னதாக ஆக ஆக இந்த அதிர்ஷ்டத்தின் கை ஓங்கும்.

11. கிருமி மருந்துக்குப் பழகிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். அதுவும் பரிணாமம்தானா?

அதேதான். ஆனால் 'பழகிடுச்சு' என்ற சொல்தான் வம்பு. மூன்றாம் கேள்வியில் சொன்ன அதே தவறு. நாம் காரத்துக்குப் பழகுவதுபோல் ஒரு பாக்டீரியா மருந்துக்குப் பழகுவதில்லை. கோடிக்கணக்கில் ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் பிழையோடு ஏற்கெனவே இருக்கும். மருந்து மற்றதைக் கொன்று அவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது.

'ஏற்கெனவே' என்பதை எப்படி நிரூபிப்பது? ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் 1952-இல் செய்தது எனக்குப் பிடித்த சோதனை. மருந்தில்லாத தட்டில் பாக்டீரியாக் குடியிருப்புகளை வளர்த்தார்கள். ஒரு வெல்வெட் துணியை அதன்மேல் ஒற்றி, ரப்பர் ஸ்டாம்ப் போல, மருந்துள்ள தட்டுகளில் ஒற்றினார்கள். எல்லா மருந்துத் தட்டிலும் ஒரே இடத்தில் உள்ளவைதான் பிழைத்தன. முதல் தட்டுக்குத் திரும்பிப் போய், மருந்தைப் பார்த்தே இராத அந்த இடத்துக் குடியிருப்பை எடுத்துச் சோதித்தால், அது மருந்தைத் தாங்கியது. பாக்டீரியா இன்னொரு தில்லாலங்கடியும் செய்யும்: தாங்கும் மரபணுவைப் பக்கத்திலிருப்பவனுக்குக் கைமாற்றியும் கொடுக்கும், பிள்ளைக்கு மட்டுமில்லை.

வேகம் தெரிய ஒரு கணக்கு: மெத்திசிலின் என்ற மருந்து 1959-இல் வந்தது, அதைத் தாங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா 1961-இலேயே இங்கிலாந்தில் பதிவானது. சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ், அதில் ஆண்டிபயாடிக் வேலை செய்யாது. மெடிக்கலில் போய் 'அன்னைக்குக் கொடுத்த அதே கேப்சூல் நாலு கொடுப்பா' என்று வாங்குபவர்கள் டாஃப்னித் தீவின் பஞ்சத்தைத் தம் குடலுக்குள் நடத்துகிறார்கள்.

12. அலகு பெருசு சிறுசு ஆகட்டும். குருவி குருவிதானே? ஒரு இனம் இன்னொரு இனமா மாறுச்சுன்னு எப்படி நம்புறது?

தமிழும் மலையாளமும் ஒரு காலத்தில் ஒரே பேச்சு. எந்த நாளில் மலையாளம் பிறந்தது? தமிழ் பேசிய ஒரு தாய்க்கு மலையாளம் பேசும் பிள்ளை பிறந்த நாள் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தாய் பேச்சைத்தான் பேசியது. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போக்குவரத்து குறைய, இரண்டு பக்கத்துச் சின்ன மாற்றங்களும் தனித்தனியே சேர்ந்தன. பல நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு மொழி. இனம் பிரிவதும் அப்படித்தான்: கூட்டம் இரண்டாகப் பிரிகிறது, கலப்பு நிற்கிறது, இரண்டின் கணக்கும் தனித்தனியே மாறுகிறது, ஒரு கட்டத்தில் மறுபடி சந்தித்தாலும் இணை சேர்வதில்லை. கலாபகஸில் ஒரே மூதாதைக் குருவியிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட ஃபிஞ்ச் இனங்கள் இப்படிக் கிளைத்தன.

இதன் தொடக்கத்தையும் கிராண்ட் தம்பதியர் பார்த்துவிட்டார்கள். 1981-இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பானியோலா தீவிலிருந்து ஓர் ஆண் குருவி டாஃப்னிக்கு வழிதவறி வந்தது. உடம்பு பெரிது, பாட்டு வேறு. உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்தது. அதன் சந்ததியில் ஆண்கள் தந்தையின் வேற்றூர்ப் பாட்டையே கற்றுப் பாடின. உள்ளூர்ப் பெண்கள் சீண்டவில்லை. ஓரிரு தலைமுறையிலேயே அந்த வம்சம் தமக்குள் மட்டுமே சேரத் தொடங்கியது. நான்காம் கேள்வியில் சொன்ன 2003 வறட்சியில் ஓர் அண்ணன் தங்கை மட்டும் மிஞ்சி, அவற்றிலிருந்து மறுபடி பெருகியது. மரபணுச் சோதனையோடு இது 2017-இல் வெளியானது. தனி இனம் என்று பெயர் சூட்டிப் பட்டியலில் சேர்க்கவில்லை, நாளை அற்றும் போகலாம். ஆனால் கலப்பு நிற்பது எப்படி என்று கேட்டால், இப்படித்தான்.

13. நடுவுல உள்ள உயிரினம் எங்க சார்? பாதி மீன் பாதி மாடு மாதிரி ஒன்னைக் காட்டுங்க பாப்போம்.

மாடு என்றா கேட்டீர்கள்? தரையில் நடந்த குளம்புக்கால் விலங்குகளின் வழியில் வந்த திமிங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேகரித்த பாறைகள் அவர் காலத்துக்குப் பிறகு ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளர் கைக்குப் போயின. அவற்றை உடைத்துச் சுத்தம் செய்தபோது கிடைத்தது இந்தோஹையஸ், 4.8 கோடி ஆண்டுப் பழமை, பூனை அளவு, மான்போல் குளம்பு. ஆனால் அதன் காதெலும்பில் திமிங்கிலங்களுக்கே உரிய தடித்த மேடு, கால் எலும்புகள் நீரில் அமிழ்ந்து நடக்கும் விலங்குக்கு உரியபடி கனம். 2007-இல் இதை வெளியிட்டார்கள். பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸ், ஆம்புலோசீட்டஸ் என்று தொடர்ந்து போனால் கால் குறுகி, மூக்குத் துளை மேலேறி, எகிப்துப் பாலைவனத்தில் கிடைத்த பெசிலோசாரஸில் பின்னங்கால் பொம்மை அளவுக்கு மிஞ்சியிருப்பது தெரியும்.

இந்தோஹையஸ் திமிங்கிலத்தின் தாத்தா இல்லை, தாத்தாவின் பங்காளி. ஏழாம் கேள்வி நினைவிருக்கிறதா? புதைபடிவங்களில் கிடைப்பது பெரும்பாலும் பங்காளிகள்தான். இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று டிஎன்ஏ சொல்கிறது. எலும்பும் டிஎன்ஏ-வும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

14. தசாவதாரத்துல மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், அப்புறம் மனுஷன். இதைத்தானே டார்வின் சொன்னார்?

வரிசை அழகாகப் பொருந்துவதுபோல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவதாரக் கதையில் ஒருவரே வெவ்வேறு வடிவம் எடுக்கிறார், அதுவும் ஒரு நோக்கத்தோடு. பரிணாமத்தில் யாரும் வடிவம் எடுப்பதில்லை, நோக்கமும் இல்லை, ஏணிப்படி வரிசையும் இல்லை. ஆமையிலிருந்து பன்றி வரவில்லை, இரண்டும் தனிக் கிளைகள். கதையைக் கதையாக வணங்குங்கள். தேர்வில் மட்டும் எழுதாதீர்கள், ஒரு பையன் எழுதி மதிப்பெண் கேட்டு என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறான்.

15. எல்லாம் சரி, இது தியரிதானே? நிரூபிக்கலையே?

நோய் கிருமியால் வருகிறது என்பதும் தியரிதான். பேச்சில் தியரி என்றால் ஊகம், அறிவியலில் அது ஏராளமான சான்றுகளைக் கட்டிச் சேர்க்கும் விளக்கம். இரண்டாம், பதினோராம், பதின்மூன்றாம் கேள்விகளைத் திரும்பப் படித்துவிட்டு எது ஊகம் என்று சொல்லுங்கள்.

16. மனுஷன் மாறுறது நின்னுடுச்சா?

நிற்கவில்லை. குழந்தையாக இருக்கும்போது பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி எல்லாப் பாலூட்டிக்கும் சுரக்கும், வளர்ந்ததும் வற்றும். மாடு வளர்த்த சில மக்களிடம் அது வற்றாமல் வைக்கும் மரபணு மாற்றம் கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் பரவியது. ஐரோப்பாவில் ஒரு மாற்றம், கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறு மாற்றம், பலன் ஒன்று. இந்தியாவில் காணப்படுவது ஐரோப்பிய வகையேதான், வடமேற்கில் அதிகம், தெற்கே குறைவு. பால் குடித்தால் வயிறு உப்பி, மோரென்றால் ஒன்றும் செய்யாதவர்கள் நம்மில் பலர் உண்டு. அது நோய் இல்லை, பழைய மனிதச் சுபாவம். தயிராகும்போது பாக்டீரியா அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

17. அடுத்து என்ன வரும்னு சொல்ல முடியுமா? அந்தத் தீவுக் குருவிக்கு இன்னும் ஐம்பது வருஷத்துல அலகு எப்படி இருக்கும்?

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது, கடைசியாக வந்த கேள்வி. ஓரளவு உடனடி விளைவைச் சொல்லலாம்: எந்த விதை மிஞ்சுமோ அதற்கேற்ற அலகு கூடும். ஐம்பது ஆண்டுக்குச் சொல்ல முடியாது. முதல் முப்பது ஆண்டு அளந்து பார்த்தபின் கிராண்ட் தம்பதியரே தொடக்கத்தில் நின்று முடிவை ஊகித்திருக்க முடியாது என்றுதான் எழுதினார்கள். மழை எப்போது பெய்யும், பக்கத்துத் தீவிலிருந்து யார் பறந்து வருவார் என்பது அலகின் கணக்கில் இல்லையே. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில்: அடுத்த எல் நினோ எந்த வருஷம் என்று நீ சொல், அலகு எந்தப் பக்கம் போகும் என்று நான் கொஞ்சம் ஊகிக்கிறேன். அவள் விடவில்லை. பெரிய தரை ஃபிஞ்ச் அப்போதும் தீவில் இருக்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றாள்.